கூட்டல் சொல்லித்தரப் போகும் இளம் ஆசிரியர்களுக்கு

மூன்றாம், நான்காம் வகுப்புக்குப் புதிதாகப் போகிறீர்கள். ஓரிலக்க எண்களைத் தடுமாறாமல் கூட்டும் பிள்ளை, நான்கு இலக்கத்தைக் கண்டதும் திணறும். பெரும்பாலும் அங்கே தடுக்குவது இடமதிப்பு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

1. முதலில் கரும்பலகையை விட்டுவிடுங்கள். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டச் சொல்லுங்கள். 47 குச்சியோடு 35 சேர்த்தால் உதிரியாக 12 நிற்கும். அதில் பத்தைப் பிள்ளையே கட்டி, கட்டுகளோடு வைக்கட்டும். புத்தகம் சொல்லும் இனமாற்றம் இவ்வளவுதான். ஆயிரத்துக்குக் குச்சி கட்டாது. அட்டையில் 1, 10, 100, 1000 ரூபாய் வெட்டிக்கொள்ளுங்கள்.

2. கட்டம் போட்ட நோட்டு, கட்டத்துக்கு ஓர் இலக்கம். 4275-க்குக் கீழே 86-ஐ எழுதச் சொன்னால், பாதிப் பிள்ளைகள் இடப்பக்கம் ஒட்டி எழுதுவார்கள். ஒன்றுக்குக் கீழே ஒன்று, பத்துக்குக் கீழே பத்து.

3. 478-ஐயும் 356-ஐயும் கூட்டி 71214 என்று எழுதும் பிள்ளையைத் தயவுசெய்து திட்டாதீர்கள். 8-ம் 6-ம் 14, 7-ம் 5-ம் 12, 4-ம் 3-ம் 7. மூன்று கூட்டலும் சரி! ஓர் இடத்தில் ஓர் இலக்கம்தான் நிற்கும் என்பது மட்டும் அதற்கு இன்னும் பிடிபடவில்லை. "14-ல எத்தனை பத்து இருக்கு கண்ணு?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக நில்லுங்கள். பதிலை நீங்கள் சொல்லிவிட்டால் அந்தப் பாடம் வீண்.

4. "மேலே ஒண்ணு" என்று மட்டும் சொல்லிப் பழக்கவேண்டாம். எந்த ஒன்று? "ஏழு பத்து, ஐந்து பத்து, மேலே ஒரு பத்து, ஆக பதின்மூன்று பத்து. அதில் பத்துப் பத்து ஒரு நூறு" என்று வாய்விட்டுச் சொல்லவையுங்கள். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். இதை விட்டுவிட்டு நூறு கணக்கு போடவைத்தாலும் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

மேலே எப்போதும் 1-தான் வரும் என்று நம்பிவிடும் பிள்ளைகளும் உண்டு. 2678, 1489, 957 மூன்றையும் கூட்டச் சொல்லுங்கள். விடை 5124. மூன்று முறையும் மேலே 2 போகும்.

5. எண்ணை வாயால் சொல்லி எழுதவையுங்கள். தொள்ளாயிரத்து ஏழு என்றதும் ஆயிரம் காதில் விழுந்து 9007 என்று எழுதுவார்கள். எண்ணே தவறானால் கூட்டல் எப்படிச் சரியாகும்?

6. பூச்சியம் உள்ள கணக்கைத் தள்ளிப்போடாதீர்கள். 3907, 1096: கூட்டும் முன் உத்தேச விடை கேளுங்கள். ஏறத்தாழ 5000. சரியான விடை 5003. ஒன்றுகளிலிருந்து வந்த பத்தை மறந்தால் 4993 வரும், அதுவும் 5000-க்கு அருகில்தான். எனவே உத்தேசம் மட்டும் போதாது. கீழிருந்து மேலாக இன்னொரு முறை கூட்டிச் சரிபார்க்கும் பழக்கம் வேண்டும்.

7. பாடத்தை முடிக்கும் அவசரத்தில் கழித்தலுக்குத் தாவாதீர்கள். பத்து ஒன்றுகளை ஒரு பத்தாக மாற்றத் தெரியாத பிள்ளைக்கு, ஒரு பத்தைப் பிரித்துக் கடன் வாங்குவது விளங்காது. வகுப்பில் கடைசிப் பிள்ளையும் 478, 356 கணக்கை வாய்விட்டு விளக்கிச் சொல்லும்வரை காத்திருங்கள்.