வேலூர்க் குதிரைவீரரும் தொலேதோ முற்றுகைகளும்: வழிபாட்டிடச் சிற்பங்களில் போர் – ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

வேலூர்க் கோட்டை சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களில், பாயும் குதிரைமேல் அமர்ந்த வீரர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. இம்மண்டபம் 16ஆம் நூற்றாண்டில், விசயநகரப் பேரரசின்கீழ் வேலூரை ஆண்ட சின்னபொம்மு நாயக்கர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படுகிறது. இவ்வுருவங்களைக் குறிப்பிட்டதொரு போரின் பதிவாகக் கொள்ளலாமா என்பதே இக்கட்டுரையின் வினா. போரை ஐயத்திற்கிடமின்றிப் பதிவுசெய்த ஸ்பெயின் நாட்டு மரச்சிற்பத் தொகுதியொன்று இங்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது.

பெயர் சுட்டிய போர்

தொலேதோ பேராலயத்தில் குருமார் அமர்ந்து வழிபாட்டுப் பாடல் இசைக்கும் இருக்கைகளின் கீழ்வரிசையை, ரோத்ரிகோ அலெமான் என்னும் சிற்பி 1489 முதல் 1495 வரை செதுக்கினார். அவற்றின் சாய்மானப் பலகைகளில் 54 புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. கிரனாதா போர் (1482–1492) முடிவதற்கு முன்னரே பணி தொடங்கிவிட்டது. மதில்களும் முற்றுகையும் சரணடைவும் காட்டப்படுகின்றன, ஊர்ப்பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. இருக்கைகளின் அடிப்புறத்திலோ விலங்குகளும் கற்பனை உருவங்களும் இடம்பெறுகின்றன. வரலாற்றுக்கும் கற்பனைக்கும் அங்கே தனித்தனி இடம் வகுக்கப்பட்டிருந்தது.

பெயர் சுட்டா வீரர்

வேலூர் வீரர்க்கு இத்தகைய அடையாளம் எதுவுமில்லை. குதிரைவீரரும் யாளியும் அடுத்தடுத்து நிற்கின்றனர். நிகழ்வும் கற்பனையும் இங்குப் பிரிக்கப்படவில்லை. மேலும், இதே அமைப்பு காஞ்சி வரதராசர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்திலும் திருவரங்கம் சேசராயர் மண்டபத்திலும் காணப்படுகிறது. திருவரங்கத்தில் வீரரின் வேல் புலியின்மீது பாய்கிறது. ஆகவே, அது போரன்று, வேட்டை. ஊர்தோறும் மீளவரும் ஓர் அமைப்பு ஒரு போருக்கு மட்டும் உரியதாகாது. கடல்வழி இறக்குமதியான குதிரைகளைப் படைவலிமையின் அடிப்படையாகக் கொண்ட ஓர் அரசின் பெருமிதத்தையே அது உணர்த்துகிறது.

முடிவுரை

தலைவன் பெயரைச் சுட்டலாகாது என்பது அகத்திணை மரபு; புறத்திணைக்கு அத்தடையில்லை. வேலூர் வீரர், பொருளால் புறத்தைச் சார்ந்திருந்தும், அகத்தலைவனைப்போலப் பெயரின்றி நிற்கின்றனர். பெயரின்மையை வரலாற்றுணர்வின்மை எனக் கருதுதல் பொருந்தாது. போரையும் வென்ற ஊரையும் பெயரிட்டுரைக்கும் பணியைத் தமிழகத்தில் மெய்க்கீர்த்தியும் பரணியும் ஏற்றிருந்தன. எனவே, தலைக்கோட்டைப் போர் (1565) போன்ற நிகழ்வுகளுக்கு இத்தூண்களைச் சான்றாகக் காட்டுதல் ஏற்புடையதன்று. அவை சான்றளிப்பது, போர்வீரன் என்னும் கருத்துரு அக்காலத்தில் பெற்றிருந்த மதிப்புக்கே.