மணலும் சுண்டலும்: ஒரு சிவில் மாணவியின் கணக்கு

(மூன்றாம் ஆண்டு, அமைப்பியல் துறை)



துறைமுகப் பொறியியல் நம் பாடத்தில் சில பக்கங்களுக்குள் முடிந்துவிடுகிறது. அலைத்தடுப்புச் சுவர் என்றால் என்ன? இரண்டு மதிப்பெண். படம் வரைந்து பாகம் குறி, ஐந்து மதிப்பெண். அந்தப் படத்தில் சுவருக்கு உள்ளே கப்பல் நிற்கும், வெளியே அலை அடிக்கும். சுவருக்கு அடுத்த ஊர் மட்டும் படத்தில் இருக்காது. நான் அந்த அடுத்த ஊர்க்காரி. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டி வந்த முதல் ஆள் நான். அம்மா புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சுண்டல் விற்கிறாங்க. அதற்கு முன்னால் அதே இடத்தில் ஆயா கூடையில் வேர்க்கடலை விற்றது. ஆயா விற்றது மணலில், அம்மா விற்பது சிமெண்ட் நடைபாதையில். நடுவில் என்ன நடந்தது என்று எனக்கு விவரம் புரிந்தது மூன்றாம் ஆண்டு வந்த பிறகுதான்.

மணல் நிற்பதில்லை, நடக்கிறது

கரையில் கிடக்கும் மணல் அங்கேயே கிடக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அது தவறு. அலை கரைக்கு நேராக வருவதில்லை, சாய்வாக வருகிறது. சாய்வாக ஏறி, இறங்கும்போது நேராக இறங்குகிறது. ஏறும்போது கொண்டுவந்த மணல், இறங்கும்போது ஒரு சாண் தள்ளி விழுகிறது. அடுத்த அலை இன்னொரு சாண். இப்படியே இராப்பகலாக மணல் கரையோரம் நடந்துகொண்டே இருக்கிறது. நம் கிழக்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மணல் வடக்கே போகும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். வருஷம் முழுக்கக் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம், அதுவும் லட்சக்கணக்கான கன மீட்டர். தண்ணீருக்குள் ஓடுகிற ஒரு மணல் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆற்றுக்குக் குறுக்கே ஒரு சுவர் கட்டினால்? 1986 முதல் 1989 வரை அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் புதுச்சேரி துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் தெற்குச் சுவரில் முட்டி நின்றது. வீராம்பட்டினம் பக்கம் கரை அகலமானது. வடக்கே நகரத்துக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. ஆனால் நகரத்தின் முன்னால் இருந்த மணலை அலை வழக்கம்போல வடக்கே எடுத்துக்கொண்டு போய்க்கொண்டேதான் இருந்தது. வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. சில வருஷங்களில் கரை காலி!

வராமல் போன பாதி வேலை

இதில் இன்ஜினியர்களை எடுத்த எடுப்பில் திட்டிவிடக் கூடாது. இப்படி ஆகும் என்பது தெரியாத விஷயம் அல்ல. சுவர் கட்டினால் மணல் தேங்கும், தேங்கும் மணலைத் தூர்வாரி குழாய் வழியாக வடக்கே தள்ள வேண்டும் என்பதும் திட்டத்திலேயே இருந்தது. சுவர் ஒரு பாதி, மணல் தள்ளுவது மறு பாதி. முதல் பாதி முடிந்தது. மறு பாதி ஒழுங்காகத் தொடர்ந்து நடக்கவில்லை. சுவர் ஒருமுறை கட்டினால் போதும். மணல் தள்ளுவது வருஷா வருஷம் செய்ய வேண்டிய வேலை, டீசல் செலவு, ஆள் செலவு. அதற்குக் கல்வெட்டு வைக்க முடியாது, நாடா வெட்ட முடியாது. என் அபிப்பிராயம் இதுதான்: கரையோர வேலைகளில் தாமதம் ஆவது எப்போதும் இந்த நாடா வெட்ட முடியாத பாதிதான்.

எவ்வளவு பெரிய வேலை என்று ஒரு கணக்குப் போடுவோம். கணக்குக்காக ஒரு லட்சம் கன மீட்டர் மணல் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஒரு டிப்பர் லாரியில் 3 யூனிட் ஏற்றினால் மொத்தம் சுமார் 11,800 லோடு. ஒரு நாள்கூட லீவு இல்லாமல் தினமும் 32 லோடு அடித்தால்தான் ஒரு வருஷத்தில் முடியும். கடல் இந்த வேலையை இலவசமாகச் செய்துகொண்டிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

தள்ளாத மணல் சும்மாவும் இருக்கவில்லை. துறைமுக வாயிலிலேயே படிந்து மேடு கட்டியது. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தின் படகுகள் அந்த மேட்டில் தரை தட்டியதும், வாயிலைத் தூர்வாரச் சொல்லி மீனவர்கள் போராடியதும் நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஒரே மணல்! அங்கே அதிகமாகி ஒருவர் தொழில் கெட்டது, இங்கே இல்லாமல் போய் இன்னொருவர் தொழில் கெட்டது.

நகரத்தைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள். கல்லைக் குறை சொல்ல மாட்டேன். 2004 டிசம்பர் சுனாமியின்போது நகரத்தின் மையப் பகுதி தப்பியதற்கு அந்தக் கல்லும் ஒரு காரணம். ஆனால் கல் மணலை உண்டாக்காது. அரிப்பை அடுத்த ஊருக்குத் தள்ளிவிடும், அவ்வளவுதான். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர், அதையும் தாண்டித் தமிழ்நாட்டு எல்லைக்குள் தந்திராயன்குப்பம் வரை அரிப்பு வடக்கே நடந்தது. கல்லும் பின்னாலேயே நடந்தது.

உட்கார்ந்தால் பசிக்கும்

இதற்கும் சுண்டலுக்கும் என்ன சம்பந்தம்? அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “மணல் இருந்தா குடும்பத்தோட உக்காருவாங்க. உக்காந்தா புள்ளைங்களுக்குப் பசிக்கும். கல்லு மேல நிக்கறவன் ஒரு போட்டோ எடுத்துக்கினு போயிடுவான்.”

வணிகவியல் படிப்பவர்கள் இதைப் பெரிய வார்த்தையில் சொல்வார்கள். சுற்றுலாப் பயணி ஒரு இடத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்பதுதான் சிறு வியாபாரத்தின் அளவு. சுண்டல், மாங்காய் பத்தை, பலூன், மல்லிகைப் பூ, பொம்மை, பஜ்ஜி எல்லாம் உட்கார்ந்திருப்பவரை நம்பி நடப்பவை. எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை கூடலாம், ஆனால் எங்களுக்கு வருமானம் கூடாது. சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிட்டு அந்தச் சாலையை நடப்பவர்களுக்கே விடுகிறார்களே, அது எங்களுக்குப் பெரிய உதவி. இருந்தாலும் நடப்பவர் நடந்துகொண்டே இருக்கிறார்! மணலில் கால் நனைக்க ஆசைப்படுகிறவர்கள் சுண்ணாம்பாற்றிலிருந்து படகில் பாரடைஸ் பீச்சுக்குப் போகிறார்கள். அது துறைமுகத்துக்குத் தெற்கே இருப்பதால் அங்கே மணலுக்குப் பஞ்சம் இல்லை. சம்பாத்தியமும் மணலோடு சேர்ந்து தெற்கிலேயே நின்றுவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்வேன்.

கரையில் நடந்த மற்ற வேலைகளையும் பார்க்க வேண்டும். 2014 நவம்பரில் பெய்த மழையில் கடற்கரைச் சாலையிலிருந்த பழைய மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. பழைய உருவத்திலேயே திரும்பக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். இடையில் ஆறு வருஷத்துக்கு மேல். கட்டடம் அழகாகத்தான் வந்திருக்கிறது, அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் சுற்றுலா வருபவர்கள் கட்டடம் பார்க்க நிற்பார்கள், தகரத் தடுப்பைப் பார்க்க யாரும் நிற்க மாட்டார்கள். தடுப்பு இருக்கும் இடத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள். அந்தப் பக்கம் கடை போட்டவர்கள் அத்தனை வருஷமும் வேறு மூலை தேடினார்கள்.

ஆப்பு வடிவத் திட்டு

இப்போது நல்ல செய்திக்கு வருகிறேன். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் போட்ட திட்டத்தின்படி, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு பெரிய இரும்புக் கூட்டை இறக்கினார்கள். தண்ணீருக்கு மேலே தெரியாது. அலை அதன் மேல் ஏறும்போதே உடைந்து பலம் குறைகிறது. பின்னால் தண்ணீர் அமைதியாகிறது. ஓடுகிற தண்ணீர் மணலைச் சுமக்கும், அடங்கிய தண்ணீர் இறக்கி வைத்துவிடும். நீரியல் பாடத்தில் படித்த அதே விதிதான். 2019க்குள் அங்கே கண்ணெதிரே மணல் சேர்ந்தது. முப்பது வருஷம் கழித்துக் கடற்கரைச் சாலைக்காரர்கள் மணலில் கால் வைத்தார்கள். ஆயா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தது. அன்றைக்கு அம்மா வழக்கத்தைவிட அதிகமாகப் பட்டாணி ஊற வைத்தாங்க.

ஆனால் இந்தத் திட்டமும் இரண்டு பாதிதான். வடக்கில் ஒரு திட்டு, தெற்கில் ஒரு திட்டு, இரண்டுக்கும் நடுவில் துறைமுகத்திலிருந்து தூர்வாரிய மணல். வடக்குத் திட்டு வந்தது. தெற்குத் திட்டு வருஷக் கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. 2022 மார்ச்சில், தெற்குப் பக்கம் இருந்த பழைய கப்பல் பாலத்தின் ஒரு பகுதி கடலில் விழுந்தது. திட்டு இருந்திருந்தால் பாலம் நின்றிருக்குமா என்று சொல்ல என் படிப்பு போதாது. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்த பழைய கான்கிரீட் அது. ஆனாலும் திட்டின் பக்கம் மணல் ஏறியதையும், திட்டு இல்லாத பக்கம் அலை கல்லில் அடித்ததையும் ஒரே சாலையில் நடந்துகொண்டே பார்க்கலாம்.

யாருக்கு ஃப்ளோட்?

கரை வேலை ஏன் இப்படி இழுக்கிறது? பணம், அனுமதி என்ற வழக்கமான காரணங்களை விடுங்கள். நம் பாடத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. கட்டுமான மேலாண்மையில் கிரிட்டிக்கல் பாத் படித்தோமே, அதில் சில வேலைகளுக்கு ‘ஃப்ளோட்’ உண்டு. பத்து நாள் தள்ளிப் போனாலும் முடிவுத் தேதி மாறாது. கடலில் இறங்கும் வேலைக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும். தை பிறந்து கடல் அடங்கிய பிறகுதான் மிதவைகளைக் கொண்டுவந்து கூட்டை இறக்க முடியும். அதற்குள் இறக்கியாக வேண்டும். தரையில் மூன்று வாரம் தாமதம் என்றால் மூன்று வாரம்தான். கடலில் மூன்று வாரம் தவறினால் சில சமயம் ஒரு வருஷமே போய்விடும். பார் சார்ட் போடும்போது ஜனவரியும் நவம்பரும் ஒரே அகலக் கட்டம்தான். கடலுக்கு அப்படி இல்லை.

ஒப்பந்தக்காரருக்குக் கால நீட்டிப்பு உண்டு, மனு போட்டால் கிடைக்கும். கரையில் கடை போட்டவருக்கு? எங்கள் பக்கம் தண்டல் கணக்கு இப்படி: 10,000 ரூபாய் கடன் என்று எழுதிக்கொண்டு 1,000 பிடித்துக்கொள்வார்கள். கையில் வருவது 9,000. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். நடைபாதை தோண்டிக் கிடந்தாலும் சாயங்காலம் தண்டல்காரர் சைக்கிளில் வந்துவிடுவார். அவரிடம் கால நீட்டிப்பு வாங்கியதாக எங்கள் தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கிரிட்டிக்கல் பாத் வரைபடத்தில் ஃப்ளோட் பூஜ்யமாக உள்ள இன்னொரு கோடு இது. எஸ்டிமேட்டில் மட்டும் வராது.

நாளைக்கு நாம்தான் சைட்டில் சூப்பர்வைசராக நிற்கப்போகிறோம். தடுப்பு எங்கே போடுவது என்று மேலே உள்ளவர் காகிதத்தில் கோடு கிழிப்பார், முளை அடிப்பது நம் கை. அதனால் ஒரு சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டத்தில் 18ஆவது பிரிவு, வியாபாரியை இடம் மாற்றுவதற்கு முன் 30 நாள் அறிவிப்பு கொடுக்கச் சொல்கிறது. என்னைக் கேட்டால் நீளமாக ஒரே தடுப்பு போடாமல் துண்டு துண்டாகப் போட்டு, ஒன்றை முடித்து அடுத்ததைத் திறக்கலாம். டிசம்பர் கடைசி வாரமும் சனி, ஞாயிறும் சென்னை, பெங்களூர்க் கூட்டம் வரும் நாட்கள். அன்றைக்காவது மண் குவியலை ஓரம் கட்டலாம். முடியும் தேதியைப் பலகையில் எழுதி வைக்கலாம். தேதி தெரிந்தால் அம்மா அந்த மாதம் தண்டல் வாங்காமலாவது இருப்பாங்க.

இன்னொரு யோசனையும் உண்டு. மணல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கடற்கரையில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அளந்து பார்க்க நம்மால் முடியும். பழைய கலங்கரை விளக்கத்தின் அடிக்கல்லை நிலையான மட்டமாக வைத்து, அங்கிருந்து தண்ணீர் வரை மூன்று கோடுகள். மாதம் ஒருமுறை, பௌர்ணமி கழிந்த ஞாயிறு, நீர் வற்றும் நேரத்தில் அதே கோட்டில் ஐந்து மீட்டருக்கு ஒரு ரீடிங். ஒரு வருஷத்தில் பன்னிரண்டு வரைபடம் கையில் இருக்கும், அடுத்த பேட்ச் தொடரலாம். டம்பி லெவல் நம் ஆய்வகத்திலேயே இருக்கிறது. ஸ்டாஃப் பிடிக்க நான் வருகிறேன். முக்காலியில் ஒரு கால் மட்டும் ஆடுகிறது, யாராவது ஒரு மரை ஆணி கொண்டுவந்தால் தை மாதத்திலேயே ஆரம்பித்துவிடலாம்.