கோவையிலிருந்து சிங்கப்பூர்: தூரமும் நேரமும் கால்குலேட்டரில்

விமான டிக்கெட்டில் சிங்கப்பூர் புறப்பாடு இரவு 10.00, கோவை வருகை 11.45 என்று இருக்கிறது. ஒன்றே முக்கால் மணி நேரப் பயணமா? இல்லை. உண்மையான நேரத்தை உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள கால்குலேட்டரிலேயே கண்டுபிடிக்கலாம். இன்டர்நெட்கூட வேண்டாம்.

முதலில் தூரம். பூமி உருண்டை என்பதால் தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளப்பது சரிவராது. ஒவ்வோர் ஊருக்கும் அட்சம், தீர்க்கம் என்று இரண்டு எண்கள் உண்டு. கோவை விமான நிலையத்துக்கு 11.03 வடக்கு, 77.04 கிழக்கு. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கு 1.36 வடக்கு, 103.99 கிழக்கு. தீர்க்கங்களின் வித்தியாசம் 26.95.

விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்து, இடது மேல் மூலையில் உள்ள மூன்று கோடுகளைக் கிளிக் செய்து, சயின்டிபிக் என்பதைத் தேர்வு செய்யுங்கள். கோண அளவு டிகிரியில் இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியனில் இருந்தால் விடை முழுவதும் தப்பாகிவிடும். சைன், காஸ் பொத்தான்கள் ட்ரிகோனோமெட்ரி பட்டியலுக்குள் இருக்கும். எண்ணை முதலில் அடித்து, பிறகு பொத்தானை அழுத்த வேண்டும். வரிசை இதுதான்:

11.03 சைன் × 1.36 சைன் + 11.03 காஸ் × 1.36 காஸ் × 26.95 காஸ் =

விடை சுமார் 0.8792. இப்போது அதே பட்டியலில் 2 என்று தொடங்கும் பொத்தானை அழுத்துங்கள். காஸ் பொத்தானின் தலையில் -1 வந்து நிற்கும். அதை அழுத்தினால் 28.45 டிகிரி கிடைக்கும். பூமியின் மேற்பரப்பில் ஒரு டிகிரிக்குச் சுமார் 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 3,164 கி.மீ.

ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 850 கி.மீ. வேகத்தில் பறப்பதாகக் கொண்டால் 3.72 மணி வரும். இது 3 மணி 72 நிமிடம் அல்ல! 0.72-ஐ 60-ஆல் பெருக்குங்கள், 43 நிமிடம். ஏற, இறங்க, ஓடுபாதையில் ஊர அரை மணி சேர்த்தால் ஏறக்குறைய நாலேகால் மணி நேரம். விமானம் நேர்கோட்டிலேயே பறப்பதில்லை, எதிர்க்காற்றும் உண்டு. அதனால் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

அப்படியானால் அந்த ஒன்றே முக்கால்? டிக்கெட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊர் நேரங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. இரவு 10-உடன் நாலேகாலைக் கூட்டி, இரண்டரையைக் கழியுங்கள், 11.45 வந்துவிடும். இங்கிருந்து போகும்போது கழிக்காமல் கூட்ட வேண்டும்.

நள்ளிரவு விமானத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 15-ஆம் தேதி 12.10-க்குக் கிளம்பும் விமானம் கோவைக்கு அதே 15-ஆம் தேதி அதிகாலை 1.55 வாக்கில் வரும். குந்தா பக்கத்திலிருந்து அழைத்து வரப் போகிறவர்கள் 14-ஆம் தேதியே மலையிறங்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு போனால், வந்தவர் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்திருப்பார். இந்தக் கணக்கு ஆகாயத்துக்கு மட்டும்தான். மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாக இறங்கும் சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள், யானை நடமாட்டம் வேறு. அந்த நேரத்தை ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் இருட்டும் முன்பே கிளம்பிவிடுங்கள்.

வேறு ஊர்களுக்கும் இதே வரிசைதான். பூமத்திய ரேகைக்குத் தெற்கே உள்ள ஊரின் அட்சத்துக்கும், லண்டன் ஹீத்ரோ போல 0-க்கு மேற்கே உள்ள இடத்தின் தீர்க்கத்துக்கும் கழித்தல் குறி போடுங்கள். சென்னை–ஹீத்ரோ போட்டுப் பாருங்கள்: சென்னை 12.99, 80.17, ஹீத்ரோ 51.47, -0.45. வித்தியாசம் 80.62. விடை 8,230 கி.மீ.-ஐ ஒட்டி வர வேண்டும்.