தலைக்கோடு சொல்லும் சேதி

கேள்வி: எங்கள் நெல் வயலில் சில பச்சைத் தத்துப்பூச்சிகளின் தலையில் கறுப்புக் கோடு இருக்கிறது, சிலவற்றில் இல்லை. இரண்டும் ஒரே இனமா, ஐயா?

பதில்: இல்லை, இரண்டு இனங்கள். கூர்மையான கண் உங்களுக்கு! உச்சந்தலையின் முன்விளிம்பை ஒட்டிக் கறுப்புப் பட்டை ஓடினால் அது நெஃபோடெட்டிக்ஸ் நைக்ரோபிக்டஸ். பட்டை இல்லாமல் பச்சையாகவே இருந்தால் பெரும்பாலும் நெஃபோடெட்டிக்ஸ் வைரசென்ஸ். ஆண் பூச்சியைப் பிடித்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். முன்னிறக்கையின் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு தெரியும். நைக்ரோபிக்டஸில் அது உள்பக்கம் நீண்டு இறக்கையின் மடிப்புக்கோட்டைத் தொடும், வைரசென்ஸில் தொடாது. பெண்களில் இந்தப் பொட்டு பெரும்பாலும் இராது.

ஆனால் பொட்டும் பட்டையும் பூச்சிக்குப் பூச்சி மாறும். அதனால்தான் வகைப்பாட்டு அறிஞர்கள் நிறத்தோடு நின்றுவிடுவதில்லை. ஆணின் வயிற்று நுனியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தையும் அதிலுள்ள நுண்முட்களையும் நுண்ணோக்கியில் பார்த்த பிறகே பெயர் சொல்வார்கள்.

துங்ரோ என்னும் நெல் நோயை இரண்டுமே பரப்பும். அதில் வல்லது வைரசென்ஸ். கோடில்லாத தலைகள் வயலில் பெருகினால் தாமதிக்காமல் வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள்.