சமையலறை நடுவே ஒரு பலாமேடை

செம்மங்குப்பத்தில் எங்களுடைய பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பிக்கத் தொடங்கியபோது, நான்கு புறமிருந்தும் நின்று வேலை செய்யத்தக்க மர மேடை ஒன்று சமையலறையின் நடுவில் அமைய வேண்டும் என்ற விருப்பம் என் மனைவிக்கும் எனக்கும் ஒருங்கே உண்டாயிற்று. 'கிச்சன் ஐலண்ட்' என்ற பெயரால் நகரத்து வீடுகளில் நாங்கள் பார்த்திருந்தவை பெரும்பாலும் மெருகேற்றிய ஒட்டுப்பலகைப் பெட்டிகள். பண்ணைவீட்டுப் பாணி என்று சொல்லி விற்கப்பட்டவற்றிலோ, புதுப் பலகையைச் சங்கிலியால் அடித்துத் தழும்புண்டாக்கி, அதன்மேல் சாயம் ஏற்றிப் பழமையை வரவழைத்திருந்தார்கள். பண்ணைவீட்டு மேசையின் அழகு அவ்விதம் பிறந்ததன்று என்பதே என் அபிப்பிராயம். ஊரில் விளைந்த மரத்துக்கும், ஊரில் பெய்யும் மழைக்கும், அந்த அடுப்படியில் அன்றாடம் நடக்கும் சமையலுக்கும் கட்டுப்பட்டு அது உருவாயிற்று. ஆகவே கடலூர்ப் பக்கத்து வீட்டில் அத்தகைய மேடை அமைக்க விரும்புகிறவர் படங்களைப் புரட்டுவதற்கு முன்னால் இம்மூன்றையும் ஆராய்வது அவசியம்.

ஐரோப்பியக் கிராமத்து வீடுகளில் மாவு பிசைவதும், காய் நறுக்குவதும், வீட்டார் கூடி உண்பதும் அடுப்படி நடுவிலிருந்த பெரிய மேசையின் மீதே நடந்து வந்தன. 1926-ஆம் ஆண்டில், மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற வியன்னா நகரத்துப் பெண் கட்டடக் கலைஞர், பிராங்பர்ட் நகரின் புதிய குடியிருப்புகளுக்காகச் சுமார் 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமுமே உள்ள சிறு சமையலறையை வகுத்தார். வீண் நடையைக் குறைக்கும் பொருட்டு வேலைப் பலகைகள் யாவும் அதில் சுவரோரம் சேர்ந்தன. சிரமம் குறைந்தது மெய்யே. ஆனால் சமைக்கிறவர் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியே நிற்கும் வழக்கமும் அதனோடு சேர்ந்து உலகெங்கும் பரவிற்று. நம் வீடுகளில் நடுமேசை இருந்ததில்லை. அதன் ஸ்தானத்தில் தரை இருந்தது. அரிவாள்மணையைப் போட்டுக்கொண்டு ஒருத்தி வெண்டைக்காய் அரிய, எதிரே ஒருத்தி முருங்கைக்கீரை உருவ, மற்றொருத்தி முறத்தில் அரிசி புடைக்க, முகத்துக்கு முகம் பார்த்து நடந்த வேலை அது. சுவரோர மேடை வந்தபின் தரை வெறிச்சோடியது. நடுமேடை, முழங்கால் வலி உள்ளவர்களும் பங்கு கொள்ளும்படி அந்தத் தரையைத் தூக்கி நிறுத்துகிறது. என் தாயாருக்கு இதை விளக்க முயன்றபோது, "சுத்தி உக்காந்து பேச முடியும்னு சொல்லு, அது போதும்" என்றார்கள்.

இனி இடத்தைப் பற்றி. எங்கள் சமையலறை 12 அடி அகலமும் 16 அடி நீளமும் உடையது. அடுப்பு மேடைக்குச் சுவரோரம் 2 அடி. நடுமேடைக்கு 3 அடி. அதன் இரு மருங்கிலும் நடைக்கு மும்மூன்றரை அடி. ஒருவர் அடுப்பருகே நிற்க, மற்றொருவர் கொதிக்கும் குழம்புச் சட்டியோடு பின்னால் கடந்து செல்ல வேண்டுமானால், மூன்றரை அடிக்குக் குறைந்த நடை ஆபத்தானது. இருவர் ஓயாது நடமாடும் வீட்டுக்கு 4 அடி உத்தமம். அறை 10 அடி அகலத்துக்கும் உட்பட்டதாயின் நிலையான மேடையைக் கைவிட்டு, ஒன்றரை அடி அகலத்தில் நகர்த்தத்தக்க பெஞ்சு ஒன்றைச் செய்துகொள்வதே விவேகம். அளவைக் காகிதத்தில் மட்டும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். என் மனைவி கோலமாவினால் மேடையின் எல்லையைத் தரையில் வரைந்து, நான்கு மூலைகளிலும் முக்காலிகளை நிறுத்திச் சில நாட்கள் சமைத்துப் பார்த்தாள். கொல்லைக் கதவு திறக்கும் திசையை மாற்ற வேண்டும் என்பது அப்போதுதான் தெரிய வந்தது.

உயர விஷயத்தில் பிறர் கணக்கைப் பின்பற்றுவது தகாது. அமெரிக்க வீடுகளில் 36 அங்குலம் வழக்கம். ஐந்தடி உயரமுள்ள நம் பெண்மணி ஒருத்தி அதன்முன் நின்று காய் நறுக்கினால் தோள்கள் நாள் முழுதும் தூக்கியே நிற்கும். மேடையில் மிகுதியும் வேலை செய்யப்போகிறவரை நிமிர்ந்து நிற்கச் செய்து, முழங்கையை மடக்கி, தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்து, அதில் நாலைந்து அங்குலம் கழித்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு 33 அங்குலம் வந்தது. அரைப்பதற்கும் பிசைவதற்கும் உடலின் பாரம் மேலிருந்து இறங்க வேண்டுமாதலால் அவற்றுக்கு இன்னும் தாழ்ந்த பரப்பு தேவை. ஆகவே 6 அடி நீள மரப்பலகையின் ஒரு கோடியில், 2 அடி நீளத்துக்கு, 28 அங்குல உயரத்தில் தாழ்வான பகுதி ஒன்றைச் சேர்த்தோம். அதன் ஒரு பாதியில் அம்மி இருக்கிறது. அம்மியின் பாரத்தையும் அதிர்ச்சியையும் மரக்காலின் மீது சுமத்தாமல், அதற்கென்று பிரத்தியேகமாகச் செங்கல் தூண் கட்டினோம். மறு பாதியில் என் தாயார் நாற்காலி போட்டு அமர்ந்து பூண்டு உரிக்கிறார்கள்.

மரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயல், பண்ருட்டி வட்டாரத்துப் பலாத் தோப்புகளையும் முந்திரிக் காடுகளையும் சாய்த்துவிட்டுப் போனதை இப்பக்கத்தார் எவரும் மறந்திருக்க முடியாது. தலைமுறை தலைமுறையாகக் காய்த்த மரங்கள் வேரோடு பெயர்ந்து கிடந்தன. விறகாகப் போனவை எத்தனையோ. என் மைத்துனர் தம் தோப்பில் விழுந்த பலாமரம் ஒன்றை விறகுக்குக் கொடுக்க மனமில்லாமல் அறுத்து, பலகைகளைக் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தார். எங்கள் மேடை அந்த மரம்.

பலா இக்காரியத்துக்கு மிகவும் ஏற்றது. தஞ்சாவூரில் வீணை செய்கிறவர்கள் தேர்ந்தெடுப்பதும் இம்மரத்தையே. வைரம் பாய்ந்த பகுதியைக் கரையான் எளிதில் அண்டாது. உளிக்கும் இழைப்புளிக்கும் இணங்கும். அறுத்தபோது மஞ்சளாக இருப்பது ஆண்டுகள் செல்லச் செல்லச் செம்பழுப்பாகக் கனியும். சாயம் பூசிப் பெற முயலும் நிறத்தைக் காலம் இலவசமாகக் கொடுக்கும்போது நாம் அவசரப்படுவானேன்? ஆனால் வைரத்தைச் சூழ்ந்துள்ள வெளிறிய பகுதியைச் சேர்க்கலாகாது. "வெள்ளையைச் சேர்த்தா ரெண்டு வருசத்துல உளுத்துப் போயிடுங்கய்யா, பலகை அகலம் குறைஞ்சாலும் வைரத்தை மட்டும் எடுத்துக்குவோம்" என்று எங்கள் ஆசாரி முதல் நாளே சொல்லிவிட்டார். அகலத்துக்கு ஆசைப்பட்டு இவ்விஷயத்தில் தச்சரோடு வாதாடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். தச்சர் சொல்வதே சரி.

பச்சை மரத்தில் மேடை செய்வதைப் போன்ற அவிவேகம் வேறில்லை. இரண்டு அங்குலக் கனமுள்ள பலகை நிழலில் இயற்கையாக உலர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகும். தரையைத் தொடாமல், பலகைக்குப் பலகை இடையே காற்றோடும்படி ரீப்பர் கொடுத்து அடுக்கி, வெட்டு முனைகளில் பெயிண்ட் அல்லது மெழுகு பூசி வைத்தால், நுனி முந்தி உலர்ந்து பிளவுபடுவது குறையும். நன்கு உலர்ந்த மரமும் அடங்கிக் கிடப்பதில்லை. ஐப்பசி கார்த்திகையில் அகலத்தில் விரியும், அக்கினி நட்சத்திரத்தில் சுருங்கும். மேற்பலகையைச் சட்டத்தோடு அசையாதபடி திருகிவிட்டால் அது எங்கேனும் ஓரிடத்தில் வெடித்தே தீரும். சட்டத்தில் திருகாணித் துளைகளை நீள்வட்டமாகக் குடைந்து, பலகை நகர்வதற்கு இடம் விட்டுப் பொருத்துமாறு தச்சரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடற்காற்று எட்டும் ஊரில் இரும்பாணி சீக்கிரமே துருவேறி மரத்தையும் கறுக்கச் செய்யும். எங்கள் மேடையில் கால்களின் தலையைச் செதுக்கிச் சட்டத்துத் துளைகளில் இறக்கி, மூங்கில் ஆணி அறைந்திருக்கிறார்கள். திருகாணி வேண்டிய இடங்களில் மட்டும் பித்தளை. மேடையின் அடியைப் பெட்டியாக அடைக்காமல் திறந்தே விட்டதற்கும் இவ்வூரின் இயல்பே காரணம். 2015 நவம்பர் வெள்ளத்தில் கடலூர் மாவட்டத்து வீடுகளில் நீரில் ஊறி உப்பிய ஒட்டுப்பலகை அலமாரிகளைக் கண்டவர் எவரும் தரையோடு ஒட்டிய மரப்பெட்டியை விரும்பமாட்டார். செட்டிநாட்டு வீடுகளில் மரத்தூண்கள் கல்பீடத்தின் மேல் நிற்பதைப் போல, எங்கள் மேடையின் நான்கு கால்களும் அரையடி உயரக் கருங்கல் துண்டுகளின் மேல் நிற்கின்றன. பெருக்கித் துடைப்பதும் சுலபம், கரையான் ஏறினாலும் கண்ணில் பட்டுவிடும். தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில் சட்டங்களால் ஒரு தட்டு. அதில் மண்பானைகளும் வெங்காயக் கூடையும். மிக்சிக்கான மின்குழாயை மட்டும் தரை போடுவதற்கு முன்பே புதைத்துவிட வேண்டும். பிளக்குப் பெட்டி பலகையின் மேல் முகத்தில் வேண்டாம், விளிம்புக்குக் கீழே பக்கவாட்டில் இருக்கட்டும்.

சூடான சட்டியை இறக்கி வைக்கக் கல் பதிக்கிறவர்கள் மலிவைக் கருதிக் கடப்பைக் கல்லைக் கேட்பதுண்டு. அது சுண்ணாம்புக்கல் இனம். புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் அரித்துப் போகும். நம் சமையலில் புளி படாத நாள் ஏது? கிரானைட்டே தகும். மீன் அரிவதற்கு மேடையைத் தொடக் கூடாது. கறிக்கடைக்காரர்கள் நம்புகிற புளியங்கட்டை ஒன்று தனியே இருக்கட்டும்.

வார்னிஷ் பூசிய பலகையில் கத்தி பட்டால் அந்தப் படலம் உரிந்து உணவில் கலக்கும், எண்ணெயே மேல். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் படலமாக இறுகுவன அல்ல. நாட்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். சுத்தமான ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அடுத்ததைப் பூசி, முடிவில் தேன்மெழுகு தடவலாம்; கடைகளில் கிடைக்கும் 'காய்ச்சிய' ஆளிவிதை எண்ணெயில் உலோக உப்புகள் கலந்திருப்பது வழக்கமாகையால் உணவு படும் பலகைக்கு அது ஆகாது. ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன்பு, மேல்முகத்துக்கு மட்டுமன்றி அடிமுகத்துக்கும் எண்ணெய் தேய்க்க வேண்டும். ஒரு முகம் மாத்திரம் ஈரத்தை உறிஞ்சினால் பலகை வளையும். எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு கலந்து இறுகும்போது வெப்பம் உண்டாவதால் சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றக்கூடும். எங்கள் வீட்டில் அத்துணியைக் கொல்லைக் கொடியில் விரித்துக் காயவைத்து, விறைத்த பிறகே எறிகிறோம்.