தினசரிப் பனடோலும் தலைவலியும்

கேள்வி: மாதத்தில் ஏழெட்டு முறை ஒரு பக்கத் தலை விண்விண்ணென்று இடிக்கிறது. வாந்தி வருகிறது, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. அநேகமாகத் தினமும் பனடோல் போடுகிறேன். நோன்பு காலத்தில் இன்னும் மோசம். இதற்கு முடிவே இல்லையா?
– வாசகி, குறிஞ்சாக்கேணி

பதில்: இருக்கிறது, சகோதரி. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ஒற்றைத் தலைவலிக்குப் பொருந்துகின்றன. எனக்குக் கவலை தருவது அந்தத் தினசரிப் பனடோல்தான். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேலாக எடுத்துவந்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கலாம். நிறுத்தும்போது முதலில் வலி கூடலாம்; வைத்தியரின் துணையோடு தாண்டிவிடுங்கள். பிறகு வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். போடுவதானால் வலி தொடங்கியதுமே போடுங்கள். முற்றிவிட்டால் வயிறு மருந்தை மெதுவாகத்தான் உறிஞ்சும்.

இத்தனை முறை வருவதால் உங்களுக்குத் தடுப்பு மருந்து தேவைப்படலாம். கிண்ணியா தள வைத்தியசாலையில் கேளுங்கள். புரொப்ரனலோல், அமிட்ரிப்டிலின் இரண்டும் விலை குறைந்த பழைய மருந்துகள். ஆஸ்துமா இருந்தால் புரொப்ரனலோல் ஆகாது. கர்ப்பமாக இருந்தாலும், அந்த எண்ணம் இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

நோன்புக்குச் சில வாரம் முன்பே தேநீரையும் கோப்பியையும் படிப்படியாகக் குறையுங்கள். சஹரைத் தவறவிடாதீர்கள். இரவில் தண்ணீர் நிறையக் குடியுங்கள், தூக்கத்தையும் காத்துக்கொள்ளுங்கள். தாங்க முடியாத நாளில் நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இருக்கிறது. அதை ஏற்க உங்களுக்குத் தயக்கமே வேண்டாம்.

திடீரென்று இதுவரை காணாத கடும் வலி, கைகால் மரத்துப்போதல், பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், இவற்றில் எது வந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.