ரௌட்டரின் குறிப்பேடு

வலைப்பின்னல்களுக்கிடையே செய்திகளை வழிகாட்டி அனுப்பும் கருவி ரௌட்டர். எந்த இணைப்பு அறுந்தது, எவர் உள்ளே நுழைய முயன்றார் என்பனவற்றை அது அவ்வப்போது குறித்துக்கொள்கிறது. ஆனால் அக்குறிப்புகள் பெரும்பாலும் அதன் தற்காலிக நினைவகத்திலேயே தங்குகின்றன. மின்சாரம் போனால் அவையும் போகும். கள்ளத்தனமாகப் புகுந்தவன் தன் சுவடுகளைத் தானே அழித்துவிடவும் கூடும். கணக்குப்பிள்ளையிடமே தணிக்கையையும் ஒப்படைப்பது போன்றதன்றோ இது! எனவேதான் குறிப்புகளை உடனுக்குடன் தொலைவிலுள்ள யூனிக்ஸ் கணிப்பொறி ஒன்றுக்கு அனுப்பிவைக்கிறார்கள்.

இதற்குரிய முறை 'சிஸ்லாக்'. 1980-களில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் தம் 'செண்ட்மெயில்' பணியினூடே இதனை உருவாக்கினார்.

ஒவ்வொரு செய்தியின் தலைப்பிலும் ஓர் எண் நிற்கும். கடுமையின் அளவு 0 முதல் 7 வரை. இவற்றுள் 0 மிகக் கடுமையானது. செய்தி பிறந்த இடத்தைக் காட்டும் வகை 0 முதல் 23 வரை. வகையெண்ணை 8-ஆல் பெருக்கிக் கடுமையெண்ணைக் கூட்டவேண்டும். சிஸ்கோ ரௌட்டர்கள் வழக்கமாக 23-ஆம் வகையில் அனுப்புவன. கடுமை 5 எனில், 23 × 8 + 5 = 189. யூனிக்ஸ் இவ்வெண்ணைப் பிரித்துப் பார்த்தே எந்தக் கோப்பில் எழுதுவதென முடிவு செய்கிறது.

பழைய முறையில் செய்தி யூ.டி.பி. வழியே 514-ஆம் போர்ட்டுக்குச் செல்கிறது. இது பதிவுத் தபாலன்று, வெறும் அஞ்சலட்டை. ஒப்புகை வராது, வழியில் எவரும் படிக்கலாம், பொய்யட்டையும் எழுதலாம். நெரிசல் மிகுந்த வேளையில், அதாவது குறிப்பு மிகவும் தேவைப்படும் வேளையில்தான், சில தொலைந்துபோகின்றன. 2009-இல் வகுக்கப்பட்ட மறைகுறி முறை, 6514-ஆம் போர்ட் வழியே, இக்குறைகளைப் பெரிதும் போக்குகிறது.

கடிகாரங்களையும் ஒத்துவைத்தல் வேண்டும். ஒரு ரௌட்டர் பத்து நிமிடம் பிந்தியிருந்தால், இரு ரௌட்டர்களின் குறிப்புகளை அருகருகே வைத்து எது முன், எது பின் என்று சொல்ல இயலாது.